டெவில் முட்டை: வீட்டில் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அவித்த முட்டையை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, மஞ்சள் கருவை எடுத்து மயோனைஸ், கடுகு விழுது, வினிகர் சேர்த்துப் பிசைந்து, மறுபடி அதே குழியில் நிரப்பினால் டெவில் முட்டை. அடுப்பு வேலை கால் மணி நேரம்தான். சொதப்புவது பெரும்பாலும் ஓடு உரிக்கும்போதும், செய்து முடித்த பிறகு வெயிலிலும்தான். பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்குப் புழுக்கமும் ஒரு சமையல் பொருள் மாதிரி. அதையும் கணக்கில் வைத்தே இந்தப் பதில்கள்.

பேரில் ஏன் ‘டெவில்’?

18ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சமையலில் கடுகு, மிளகு, மிளகாய் போட்டு உறைப்பாகச் செய்த பண்டங்களுக்கு அந்தப் பேர் வந்தது. முட்டைக்கு அது அப்படியே ஒட்டிக்கொண்டது. இலங்கையில் டெவில் இறால், டெவில் கோழி என்று கிடைப்பது வேறு வகை. அது வெங்காயம், குடைமிளகாய், சாஸ் போட்டு வாணலியில் வதக்குவது. இது அடுப்பில் வதக்காமல், குளிரக் குளிரச் சாப்பிடுவது.

அளவு என்ன?

12 பாதிகளுக்கு 7 முட்டை அவியுங்கள். 6 போதும் என்றுதான் எல்லாரும் எழுதுவார்கள். ஏழாவது முட்டை எதற்கென்றால், உரிக்கும்போது ஒன்றாவது கிழியும். கிழியாவிட்டாலும் அதன் மஞ்சள் கருவைச் சேர்த்தால் குழி நிறைந்து மேலே குவியும். இல்லாவிட்டால் தட்டில் பார்க்கப் பள்ளமாக, வெறிச்சென்று இருக்கும்.

7 மஞ்சள் கருவுக்கு மயோனைஸ் 4 மேசைக்கரண்டி (சுமார் 60 கிராம்), கடுகு விழுது 1 தேக்கரண்டி, வினிகர் 1 தேக்கரண்டி, மிளகுத்தூள் கால் தேக்கரண்டி, தூள் உப்பு கால் தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாக. மேலே தூவ மிளகாய்த்தூள். மயோனைஸில் ஏற்கெனவே உப்பு இருக்கும் என்பதால் உப்பைக் கடைசியில், ருசி பார்த்துச் சேருங்கள். வீட்டில் கல்லுப்புதான் இருக்கிறது என்றால், பொடித்து அந்த வினிகரிலேயே கரைத்து ஊற்றுங்கள். கொழுப்பு நிறைந்த கலவையில் உப்புக்கல் கரையாது, பல்லில் நறநறவென்று கடிபடும்.

எந்த முட்டை நல்லது? புது முட்டையா?

புதுசு வேண்டாம். எவ்வளவு புதுசோ அவ்வளவுக்கு ஓடு மக்கர் பண்ணும். அன்று இட்ட முட்டையின் வெள்ளைக் கருவில் கரியமில வாயு கரைந்திருக்கும். நாளாக நாளாக அது ஓட்டின் துளைகள் வழியே வெளியேறும். வெள்ளைக் கருவின் காரத்தன்மை கூடும். அப்போதுதான் உள்தோல் வெள்ளைக் கருவை விட்டுப் பிரியும். ஃப்ரிட்ஜில் வைத்த முட்டைக்கு 7 முதல் 10 நாள் ஆகும். நம் வெயிலில் வெளியே இருக்கும் முட்டைக்கு 3, 4 நாளே போதும்.

தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அடியில் படுத்தே கிடந்தால் ரொம்பப் புதுசு, நாலு நாள் கழித்து எடுங்கள். அகன்ற முனை தூக்கிக்கொண்டு சாய்ந்து நின்றால் இந்த வேலைக்கு அதுதான் பதம். மிதந்தால் தூக்கிப் போடுங்கள்.

கடைகளில் அட்டைக் கணக்கில் வரும் நாமக்கல் வெள்ளை முட்டை 50, 55 கிராம் இருக்கும். அளவு ஒன்றுபோல் இருப்பதால் இதற்கு அதுவே தோது. நாட்டுக்கோழி முட்டையில் ருசி அதிகம், மஞ்சள் கருவின் நிறமும் அழகு. ஆனால் சிறியது, வெள்ளைக் கரு மெலிசு, நிரப்பும்போது விளிம்பு உடையும். வாத்து முட்டையின் வெள்ளைக் கரு ரப்பர் போல் ஆகிவிடும், இதற்கு ஒத்து வராது.

எப்படி அவிப்பது? பச்சைத் தண்ணீரில் போட்டா, கொதிக்கும்போது போட்டா?

கொதித்த பிறகு போடுங்கள். இதில் இரண்டாவது பேச்சே இல்லை. பச்சைத் தண்ணீரில் போட்டு மெல்லச் சூடேற்றினால் வெள்ளைக் கரு நிதானமாக உள்தோலோடு ஒட்டிக்கொண்டே வேகும். கொதிநீரில் போட்டால் வெளிப்பக்கம் சட்டென்று இறுகி, தோலை விட்டு விலகும்.

ஃப்ரிட்ஜ் முட்டையை 15 நிமிடம் வெளியே வையுங்கள். முட்டைக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கும் அளவு தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கரண்டியில் வைத்து ஒவ்வொன்றாக இறக்குங்கள். மேலிருந்து போட்டால் கீறல் விழும். மறுபடி கொதி வந்ததும் தீயை நடுத்தரமாக்குங்கள், தளதளவென்று கொதித்தால் ஒன்றோடொன்று முட்டி உடையும். 11 நிமிடம். குளிர் போகாமல் அப்படியே போட்டிருந்தால் 12. நாட்டுக்கோழி முட்டைக்கு 9 அல்லது 10, காடை முட்டைக்கு 4.

இந்தக் கணக்கு கடல் மட்டத்துக்கு. இங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். கொடைக்கானலில் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அங்கே இரண்டு நிமிடம் கூட வேண்டும். உறவினர் வீட்டில் செய்து தருகிறேன் என்று போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இட்லிப் பானையில் ஆவியில் வைக்கலாமா?

தாராளமாக. எங்கள் முதல் சிபாரிசே அதுதான். இட்லிக் குழியில் முட்டை ஆடாமல் உட்கார்ந்துகொள்ளும், முட்டி உடையாது, தண்ணீரும் அரை லிட்டர் போதும். பானையில் தண்ணீர் கொதித்து ஆவி நன்றாகக் கிளம்பிய பிறகு தட்டை வைத்து மூடி, 12 நிமிடம். ஓடு இதில்தான் மிகச் சுலபமாகக் கழலும். குக்கரில் விசில் கணக்கு முட்டைக்கு ஒத்து வராது. ஒரு நிமிடம் கூடினாலும் மஞ்சள் கரு வறண்டுவிடும்.

மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வருகிறதே?

அதிகம் வெந்துவிட்டது. வெள்ளைக் கருவில் இருந்து வெளியாகும் கந்தகமும் மஞ்சள் கருவின் இரும்பும் சேர்ந்து உண்டாகும் நிறம் அது. சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் பிசைந்ததும் மொத்தமும் மங்கலாகி, ஒரு வாடையும் வரும். நேரத்துக்கு எடுப்பதும் எடுத்த கையோடு குளிர வைப்பதும்தான் வழி. அடுப்பை அணைத்துவிட்டு வெந்நீரிலேயே விட்டால் முட்டை உள்ளே வெந்துகொண்டேதான் இருக்கும்.

குளிர வைக்க ஐஸ் கட்டாயமா?

கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1 லிட்டர் தண்ணீரில் ஒரு தட்டு ஐஸ் கட்டி போட்டு, குறைந்தது 10 நிமிடம். மின்சாரம் போய் ஐஸ் இல்லை என்றால் மண்பானைத் தண்ணீரை மூன்று தடவை மாற்றுங்கள். மொட்டைமாடித் தொட்டியில் இருந்து வரும் மத்தியானத் தண்ணீர் வேண்டாம், அதுவே பாதி வெந்நீர்.

கடலோரத்தில் ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். மீனுக்குப் போடும் ஐஸ் பாரை உடைத்து முட்டைத் தண்ணீரில் போடாதீர்கள். அது குடிக்கத் தகுந்த தண்ணீரில் உறைய வைத்தது என்று சொல்ல முடியாது. சூடான முட்டை குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், ஓட்டின் துளைகள் வழியே வெளித் தண்ணீரை உள்ளே இழுக்கும். அந்த ஐஸ்தான் கிடைக்கிறது என்றால் பாத்திரத்துக்கு வெளியே சுற்றி அடுக்குங்கள், உள்ளே வேண்டாம்.

ஓட்டோடு வெள்ளைக் கருவும் பிய்ந்துகொண்டு வருகிறது. எப்படி உரிப்பது?

அகன்ற முனையில் தொடங்குங்கள். அங்கே ஒரு காற்றறை இருக்கும். அந்த இடத்தை மேடையில் தட்டி, பிறகு முட்டையைப் படுக்க வைத்து உள்ளங்கையால் லேசாக உருட்டுங்கள். ஓடு முழுக்கச் சிலந்திவலை போல் விரிசல் விழும். காற்றறைப் பக்கம் ஓட்டுத் துண்டைக் கிள்ளினால் உள்ளே வெண்மையாக, ஈரத் தாள் போல ஒரு தோல் தெரியும். நகத்தால் ஓட்டைப் பிடிக்காதீர்கள், அந்தத் தோலைப் பிடியுங்கள். தோல் வந்தால் ஓடு அதோடு நாடா போலச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். தோலை விட்டுவிட்டு ஓட்டை மட்டும் பொறுக்கினால்தான் வெள்ளைக் கரு பிய்யும்.

குழாயைத் திறந்துவிட்டு உரிக்கச் சொல்வார்கள். குடிதண்ணீருக்குக் குடம் போட்டுக் காத்திருக்கும் ஊரில் அது தேவையில்லை. ஒரு சட்டித் தண்ணீருக்குள் முட்டையை முக்கி வைத்தபடி உரியுங்கள், தண்ணீர் தோலுக்கடியில் புகுந்து அதே வேலையைச் செய்யும். உரித்ததைத் துணியில் ஒற்றி, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்த பிறகே வெட்டுங்கள்.

மஞ்சள் கரு ஒரு ஓரமாக ஒதுங்கி, ஒரு பக்கச் சுவர் கிழிகிறது.

முதல் நாள் இரவு முட்டையைப் படுக்க வைத்துவிடுங்கள். அவிக்கும் முதல் 3 நிமிடம் கரண்டியால் மெதுவாகச் சுற்றிவிட்டாலும் கரு நடுவில் நிற்கும். ஆவியில் அவிப்பவர்களுக்குப் படுக்க வைப்பது மட்டும்தான் வழி. வெட்ட மெலிசான கத்தி வேண்டும், ஒவ்வொரு வெட்டுக்கும் ஈரத்துணியில் துடையுங்கள். சுத்தமான தையல் நூலை இழுத்துப் பிடித்து அறுத்தால் இன்னும் நேர்த்தி. ஒவ்வொரு பாதியின் அடியிலும் நகக்கண் அளவு சீவிவிட்டால் தட்டில் உருளாது.

கடை மயோனைஸ் வாங்கலாமா? தடை என்றார்களே?

2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு, பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் தமிழ்நாடு அரசு தடை விதித்தது. சால்மோனெல்லா போன்ற கிருமிகள் பச்சை முட்டை வழியே பரவும் ஆபத்துதான் காரணம். முட்டை சேர்க்காத மயோனைஸுக்கு அந்தத் தடை பொருந்தவில்லை. வீட்டிலும் பச்சை மஞ்சள் கருவில் அடிக்காதீர்கள். இந்தப் புழுக்கத்தில் அது விஷப்பரீட்சை. முட்டையின் வாசனை மயோனைஸில் இருந்து வர வேண்டியதில்லை, அவித்த மஞ்சள் கரு தாராளமாக இருக்கிறது.

ஒரு குறை உண்டு. கடையில் கிடைக்கும் முட்டையில்லா மயோனைஸ் பலதும் இனிக்கும். அதை 3 மேசைக்கரண்டியாகக் குறைத்து, வினிகரைக் கால் தேக்கரண்டி கூட்டுங்கள்.

முட்டையில்லா மயோனைஸ் வீட்டில் செய்ய முடியுமா?

முடியும், பாலில். காய்ச்சி, ஆடை எடுத்து, ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிர்ந்த பால் 100 மி.லி. சூரியகாந்தி எண்ணெய் 200 மி.லி. பாலை மிக்ஸியின் சின்ன ஜாரில் ஊற்றி ஓடவிட்டு, மூடியின் துளை வழியே எண்ணெயை நூல் போல ஊற்றுங்கள். பாதி எண்ணெய் போனதும் சத்தம் மாறும். சலசலப்பு அடங்கி, கனமாகச் சுற்றும். எண்ணெய் முடிந்ததும் 1 மேசைக்கரண்டி வினிகர், அரைத் தேக்கரண்டி உப்பு சேர்த்து 10 விநாடி ஓட்டுங்கள். வினிகர் பட்டதும் பாலின் புரதம் இறுகி, கண் முன்னாலேயே கெட்டியாகும்.

திரிந்துபோனால் மூன்றில் ஒன்று காரணம்: பால் குளிரவில்லை, எண்ணெயை மளமளவென்று ஊற்றிவிட்டீர்கள், மிக்ஸி விடாமல் ஓடிச் சூடாகிவிட்டது. சரிசெய்ய, சுத்தமான ஜாரில் 3 மேசைக்கரண்டி குளிர்ந்த பால் ஊற்றி, திரிந்ததை அதில் நூல் போல ஊற்றி மறுபடி அடியுங்கள். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் வேண்டாம், அந்த வாசனைதான் மேலே நிற்கும். ஃப்ரிட்ஜில் 3 நாள் வைக்கலாம்.

கடுகு விழுது கிடைக்கவில்லை. தாளிக்கிற கடுகு ஆகுமா?

ஆகும், ஆனால் உறைப்பு அதிகம். ஒரு தேக்கரண்டி கடுகை வறுக்காமல் பொடித்து, ஒன்றரைத் தேக்கரண்டி குளிர்ந்த தண்ணீரில் குழைத்து 10 நிமிடம் விடுங்கள். கடுகின் காரம் தண்ணீர் பட்ட பிறகுதான் பிறக்கும். வெந்நீர் ஊற்றினால் காரமே வராது, கசப்பு மட்டும் மிஞ்சும். 10 நிமிடம் கழித்து அரைத் தேக்கரண்டி வினிகர் சேர்த்தால் உறைப்பு அந்த நிலையில் நிற்கும். முதலில் கசக்கும், ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் இருந்தால் அடங்கிவிடும். கடை விழுதில் பாதி அளவு போதும்.

கலவை கட்டி கட்டியாக வருகிறது, அல்லது தண்ணீராகிவிடுகிறது.

கட்டிக்குக் காரணம், எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிப் பிசைவது. மஞ்சள் கருவை முதலில் தனியாக, மாவு சலிக்கும் சல்லடையில் கரண்டியின் முதுகால் தேய்த்து இறக்குங்கள். புட்டு மாவு போல் உதிரியாக விழும். அதில் மயோனைஸைச் சேர்த்தால் இரண்டு நிமிடத்தில் வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். மிக்ஸியில் அடிக்காதீர்கள், பசை பிடித்துவிடும்.

தண்ணீர் விடுவதற்கு மூன்று காரணம் இருக்கலாம். கரு சூடாக இருக்கும்போதே கலந்தால் மயோனைஸ் உடைந்து எண்ணெய் கசியும். வெள்ளைக் கருவின் குழியில் ஈரம் இருந்தாலும், நிரப்பும் முன் அதன்மேல் உப்புத் தூவினாலும் அடியில் நீர் கோக்கும். இளகிப்போனால் இன்னொரு அவித்த மஞ்சள் கருவைச் சேருங்கள். மாவு, பால் பவுடர் எதுவும் போடாதீர்கள், நாக்கு உடனே கண்டுபிடித்துவிடும்.

நிரப்ப, சுத்தமான கெட்டிப் பிளாஸ்டிக் உறையில் கலவையைப் போட்டு மூலையை ஒரு சென்டிமீட்டர் வெட்டிப் பிதுக்குங்கள்.

மேலே தூவும் பாப்ரிகாவுக்கு நம் முண்டு மிளகாய் போடலாமா?

போடலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பாப்ரிகா என்பது வெளிநாட்டுச் சிவப்பு மிளகாய்த்தூள். நிறத்துக்குப் போடுவது, காரம் குறைவு. ராமநாதபுரம் முண்டு உருண்டையாக, தடித்த தோலோடு, நல்ல உறைப்போடு இருக்கும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய் இது. பாப்ரிகா அளவுக்குத் தூவினால் முட்டையின் ருசியே தெரியாது.

4 முண்டு மிளகாயைக் காம்பு கிள்ளி உடைத்து, விதையை உதறிவிடுங்கள். தோசைக்கல்லில் சிறு தீயில் ஒரு நிமிடம், வாசனை எழும் வரை மட்டும் புரட்டுங்கள். கருகினால் கசக்கும். ஆறியதும் பொடித்து டீ வடிகட்டியில் சலியுங்கள். இதில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு காஷ்மீரி மிளகாய்த்தூள் கலந்தால் நிறமும் கிடைக்கும், காரமும் அளவாக நிற்கும். வடிகட்டியில் கொஞ்சம் எடுத்து, ஒரு சாண் உயரத்தில் பிடித்து விரலால் ஒரு தட்டு தட்டினால் போதும், பனி விழுந்தது போலச் செந்தூள் படியும். பரிமாறுவதற்குச் சற்று முன்பு தூவுங்கள். முன்கூட்டியே தூவினால் ஈரத்தில் கரைந்து சிவப்புத் திட்டாகிவிடும். கடல் காற்றில் இந்தப் பொடி ஒரே வாரத்தில் கட்டி தட்டும், இறுக மூடிய புட்டியில் வையுங்கள்.

நண்டு, இறால், மாசி சேர்க்கலாமா?

முதல் தடவை சாதாரணமாகச் செய்து கை பழகட்டும். பிறகு அவித்த நண்டுச் சதையை நன்றாகப் பிழிந்து, ஒரு பாதிக்கு ஒரு தேக்கரண்டி வீதம் மேலே வையுங்கள். கலவைக்குள் போட்டால் நீர் விடும். மாசிக் கருவாட்டுத் தூள் கலவைக்கே அருமையாகச் சேரும். அரைத் தேக்கரண்டி போட்டு, உப்பைப் பாதியாகக் குறையுங்கள். நண்டு, இறால் வைத்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும்.

எவ்வளவு நேரம் வெளியே வைக்கலாம்?

2 மணி நேரம். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். சித்திரை, வைகாசியில் பகலில் நம் பக்கம் இரண்டாவது கணக்குதான் பொருந்தும். நிழல், மின்விசிறி எதுவும் இதை மாற்றாது. பெரிய தட்டில் ஐஸ் பரப்பி, அதன்மேல் சின்னத் தட்டை வைத்துப் பரிமாறுங்கள். 12, 12 ஆக எடுத்து வாருங்கள், மீதி ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். நேரம் கடந்ததைத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைத்துக் காப்பாற்ற முடியாது.

வெளியூர் கொண்டுபோக வேண்டுமென்றால் நிரப்பாமல் கொண்டுபோங்கள். வெள்ளைப் பாதிகளை ஒரு டப்பாவில், கலவையை உறையில், இரண்டையும் ஐஸோடு தெர்மாகோல் பெட்டியில். மீன் வைத்த பெட்டியைக் கழுவி எடுத்தால்கூட ஆகாது. முட்டையும் மயோனைஸும் வாடையைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

நோன்பு திறக்க, ஈஸ்டர் விருந்துக்கு ஒரு அட்டை முட்டையில் செய்ய வேண்டும். முதல் நாளே செய்யலாமா?

அவித்து, உரிக்காமல் ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். உரித்து, வெட்டி, கலவையைத் தனியாக வைத்தால் 2 நாள். நிரப்புவதை மட்டும் கடைசி ஒரு மணி நேரத்துக்கு விடுங்கள். நிரப்பியதையும் மூடி ஃப்ரிட்ஜில் 2 நாள் வைக்கலாம், ஆனால் மேல்பக்கம் காய்ந்து தோல் கட்டும்.

30 முட்டைக்கு 50 பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன பால் மயோனைஸ் ஒரு தடவை செய்தால் சரியாக இருக்கும். முட்டையைப் பத்துப் பத்தாக அவியுங்கள், மொத்தமாகப் போட்டால் கொதி அடங்கி நேரக் கணக்கு தப்பிவிடும். வினிகரையும் கடுகையும் முதலில் மூன்று மடங்கு மட்டும் போட்டு, ருசி பார்த்துக் கூட்டுங்கள். நோன்பு வைத்திருப்பவர்கள் ருசி பார்க்கத் தயங்கினால், வீட்டில் பிள்ளைகள் யாரையாவது பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கிழிந்த வெள்ளைக் கருவும் மீந்த கலவையும்?

வெள்ளைக் கருவைப் பொடியாக நறுக்கிக் கலவையோடு பிசைந்து, பச்சை வெங்காயம் கொஞ்சம் போட்டு ரொட்டிக்கு நடுவில் வையுங்கள். அன்றைக்கே.